கீழ் சிலிண்டர் மட்டும் லீனாக (பெட்ரோல் குறைந்து, காற்று கூடி) ஓடுகிறது: கிராங்க் சீலா, கார்புரேட்டரா?

இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகின் பின்னால் மாட்டும் எஞ்சின்), சிலிண்டருக்கு ஒரு கார்புரேட்டர். கலவை 50:1, அதாவது 25 லிட்டர் பெட்ரோலுக்கு 500 மில்லி ஆயில். முழு த்ராட்டிலில் இரண்டு நிமிடம் நன்றாக இழுக்கும், பிறகு சோர்ந்துவிடும்.

மேல் பிளக் காப்பிக்கொட்டை நிறம். கீழ் பிளக்கின் பீங்கான் சுண்ணாம்பு வெள்ளை. லென்ஸில் பார்த்தால் மிளகாய் விதையைவிடச் சின்னதாக வெள்ளி நிறப் பொட்டுகள். பிஸ்டன் அலுமினியம் உருகத் தொடங்கியிருக்கிறது என்றே நினைக்கிறேன். அதனால் இப்போது ஓட்டவில்லை.

சூடான எஞ்சினில், த்ராட்டில் முழுக்கத் திறந்து கம்ப்ரஷன் பார்த்தேன்: மேலே 118 பிஎஸ்ஐ, கீழே 92. பிளக் ஓட்டை வழியாக ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டதும் கீழே 110 ஆனது. ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் இப்படி ஏறாது. ரிங் அல்லது போர் (சிலிண்டரின் உட்சுவர்) தேய்மானம்தான்.

ஆனால் தேய்மானம் விளைவு, லீன்தானே காரணம்? சோர்ந்த நேரத்தில் பிரைமர் பல்பை (ஹோஸில் உள்ள கைப் பம்ப்) அமுக்கினால் மாற்றமில்லை, சோக்கை லேசாக இழுத்துக் காற்றைக் குறைத்தால் வேகம் கூடுகிறது. ஆகவே பம்ப், ஹோஸ் மீது சந்தேகமில்லை. கீழ் கார்புரேட்டரின் மெயின் ஜெட்டைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஃப்ளோட் உயரமும் சரிபார்த்தாயிற்று. ஆயிலைக் கூட்டச் சொல்லாதீர்கள். அதே ஜெட்டில் பெட்ரோல் குறைந்து இன்னும் லீனாகும்.

மிச்சம் கீழ் கிராங்க் சீல், அதாவது கிராங்க் தண்டு வெளியே வரும் இடத்தை அடைக்கும் வளையம்; அது கசிந்தால் காற்று உள்ளே புகுந்து லீனாகும். கிராங்க்கேஸை அடைத்துக் காற்றழுத்தம் ஏற்றிச் சோதித்தவர்கள், எத்தனை பிஎஸ்ஐ வைத்தீர்கள், எவ்வளவு நேரம் நின்றது? பவர்ஹெட்டை (மேலுள்ள எஞ்சின் பகுதியை) இறக்காமல் இந்தச் சீலை மாற்ற வழி உண்டா? போரில் நகம் தட்டும் கீறல் இருந்தால் ஹோனிங் (உட்சுவரை லேசாக உரசிச் சீராக்குவது) போதுமா, நேராகப் போரைப் பெரிதாக்கி ஓவர்சைஸ் பிஸ்டனுக்குப் போகவேண்டுமா?