மூன்றாம் நாள் மருந்து போட்டும் வயலில் ஒரு மூலை மட்டும் களை

கேள்வி – காவேரிப்பட்டணம் பக்கம்
அணைக் கால்வாய்ப் பாசனம், ஒரு ஏக்கர் நெல், ஆள் நடவு. நட்டு இன்றோடு 18 நாள். மூன்றாம் நாளே பூட்டாகுளோர் களைக்கொல்லி ஒரு லிட்டரை 20 கிலோ மணலில் கலந்து விசிறிவிட்டோம். முக்கால் வயல் சுத்தமாக இருக்கிறது, மடைக்கு எதிர்மூலையில் கால் ஏக்கர் மட்டும் குதிரைவாலிப் புல்லும் கோரையும் மண்டி நெல் எது புல் எது என்றே தெரியவில்லை. கடையில் கேட்டால் மருந்து பழசாக இருந்திருக்கும் என்கிறார்கள் (விற்றதே அவர்கள்தான்). ஆள் விட்டுப் பறிக்கலாம் என்றால் நூறு நாள் வேலைக்குப் போனது போக மிச்சம் பேர் மாங்கூழ் கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள். திரும்ப பூட்டாகுளோரே ஒரு ரவுண்டு போடலாமா?

பாலக்கோடு
போடாதீங்க, காசுதான் வீண். அது முளைத்து வருகிற விதையைத்தான் பிடிக்கும், மேலே வந்துவிட்ட புல்லை ஒன்றும் செய்யாது. மருந்து பழசு என்றால் வயல் முழுக்க அல்லவா களை வந்திருக்க வேண்டும்? அந்த மூலை மேடா என்று பாருங்க. மணலோடு விழுந்த மருந்து மெல்லிய தண்ணீரில்தான் பரவும், இரண்டு மூன்று நாள் அந்தத் தண்ணீரை வடிக்கவும் கூடாது. மண் வெளியே தெரிகிற இடத்தில் மருந்து விழுந்த இடத்தோடு சரி.

காவேரிப்பட்டணம் பக்கம்
மேடுதான் அண்ணா. அன்றைக்கு டிராக்டர் வேறு வயலுக்குப் போகிற அவசரத்தில் பரம்புப் பலகை ஓட்டி மட்டம் செய்யாமல் விட்டுவிட்டோம். கால்வாயில் முறைத் தண்ணீர் வேறு, அந்த மூலைக்கு ஏறவே இல்லை.

அரூர்
அப்போ விடை கிடைத்துவிட்டது. இப்போதைக்கு பிஸ்பைரிபேக் சோடியம் 10 சதம், முளைத்து வந்த புல்லைக் கொல்லுகிற மருந்து. ஏக்கருக்கு 80 முதல் 100 மில்லி, 120 லிட்டர் தண்ணீரில். உங்களுக்குக் கால் ஏக்கர்தானே, 20 முதல் 25 மில்லியை 30 லிட்டரில் கலந்து அந்த மூலைக்கு மட்டும் அடித்தால் போதும், சுத்தமான இடத்துக்கு எதற்கு? புல் இரண்டிலிருந்து நான்கு இலையில் இருக்கும்போது அடித்தால்தான் கேட்கும், அதனால் நாளையே பாருங்க, அடுத்த வாரம் என்றால் கதை முடிந்தது. தண்ணீரை வடித்து, புல் முழுசாக வெளியே தெரியும்படி விட்டு, விசிறி நாசில் போட்டு அடிங்க. இரண்டு மூன்று நாள் கழித்துத் தண்ணீர் கட்டுங்க. யூரியாவையோ பூச்சி மருந்தையோ அதோடு கலக்க வேண்டாம். நெல் கொஞ்சம் வெளுத்தால் பயப்படாதீங்க, தேறிவிடும். புல் உடனே சாகவும் சாகாது, பத்து நாளுக்கு மேல் எடுக்கும், அதற்குள் இன்னொரு மருந்து வாங்கப் போய்விடாதீங்க.

கிருஷ்ணகிரி
கோனோவீடர் (வரிசைக்கு நடுவே தள்ளி ஓட்டுகிற களைக் கருவி) ஓட்டலாமே? நான் பத்தாம் நாளில் ஆரம்பித்து பத்து நாளுக்கு ஒரு தரம் ஓட்டுகிறேன், மருந்தே வாங்குவதில்லை.

பாலக்கோடு
நீங்கள் கயிறு பிடித்து 25 சென்டிமீட்டருக்கு ஒரு குத்து நட்டிருப்பீங்க. அவர் வயலில் வரிசையே இருக்காது, ஓட்டினால் நெல்லும் சேர்ந்து சேற்றுக்குள் போகும்.

பென்னாகரம்
தம்பி, மருந்து அடித்த பிறகும் பத்து இருபது குதிரைவாலி தப்பும், அதைக் கையால்தான் எடுக்க வேண்டும். எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பீங்க. தோகையைப் பிடித்து, அது தண்டோடு சேருகிற இடத்தை விரித்துப் பாருங்க. நெல் என்றால் அங்கே வெள்ளையாக ஒரு மெல்லிய நாக்கு நிற்கும், பக்கத்தில் மயிர் வைத்த சின்னக் கொக்கி மாதிரி இருக்கும். குதிரைவாலியில் இரண்டும் கிடையாது, வழவழவென்று மொட்டையாக இருக்கும். கதிர் வருவதற்குள் பிடுங்குங்க, ஒரு தூர் ஆயிரக்கணக்கில் விதை கொட்டும். பாதி புல் நாற்றுக் கட்டோடுதான் வயலுக்கு வருகிறது, நட்ட பெண்களைக் குறை சொல்லிப் பயனில்லை, நாற்றங்காலிலேயே பார்க்க வேண்டும். அடுத்த போகத்துக்குத் தண்ணீர் கட்டி ஒரு வாரம் புல்லை முளைக்கவிட்டு, சேறு அடித்து மடக்குங்க. அப்புறம் பரம்பு. அந்த மேட்டை வெட்டாமல் மணலில் விசிறுகிற எந்த மருந்தும் அங்கே வேலை செய்யாது.

காவேரிப்பட்டணம் பக்கம்
நாக்கு விஷயம் இன்றுதான் தெரியும். நேற்று பிடுங்கி வரப்பில் போட்டதை எடுத்துப் பார்த்தேன், பாதிக்குப் பாதி நெல்!