அமெரிக்க ரெசிப்பியில் வரும் கப்பும் நம் 250 மில்லி கப்பும் ஒன்றா?

ஆயர் ஈத்தாம் வீடு:
தீபாவளிக்கு நாலு பேர் வெண்ணெய் கேக் கேட்டிருக்கிறார்கள். போன வாரம் ஓர் அமெரிக்க ரெசிப்பியைச் செய்து பார்த்தேன்: 3 கப் மாவு, 2 கப் சீனி, 1 கப் பால், 4 முட்டை, 2 ஸ்டிக் வெண்ணெய். மேலே வெடித்து, உள்ளே வறவறவென்று ஆகிவிட்டது. பினாங்கில் வாங்கிய என் கப்பின் அடியில் 250 மில்லி என்று போட்டிருக்கிறது. அமெரிக்கக் கப் வேறு என்கிறார் அக்கா. எவ்வளவு வேறு? ஸ்டிக் என்றால் எத்தனை கிராம்?

செந்தூல் அடுப்படி:
அக்கா சொன்னது சரி. அமெரிக்கக் கப் 236.6 மில்லி. கப்புக்கு 13 மில்லிதான் கூடுகிறது, ஆனால் மூன்று கப் மாவில் அது 40 மில்லி ஆகிவிடும். எல்லாவற்றையும் ஒரே கப்பில் அளந்தால் விகிதம் மாறாது, கேக்தான் கொஞ்சம் பெரிதாக வரும். முட்டையையும் வெண்ணெயையும் நீங்கள் கப்பில் அளக்கவில்லையே, அங்கேதான் இடிக்கிறது. ஒரு ஸ்டிக் 113 கிராம். 227 கிராம் கட்டி வாங்கினால் கணக்குச் சரி, 250 கிராம் கட்டியென்றால் 23 கிராம் வெட்டி எடுத்துவிடுங்கள்.

ஆனால் எனக்கு மாவு மேல்தான் சந்தேகம். கப்பை டப்பாவுக்குள் விட்டு அள்ளினீர்களா? அப்படி அள்ளினால் மாவு அமுங்கி நிறைய ஏறிவிடும். அமெரிக்கக் கப் மாவு 120 முதல் 125 கிராம்தான். தராசில் போட்டுவிடுங்கள், நிம்மதி.

பட்டர்வொர்த் பாட்டி:
அவுன்ஸையும் பார்த்துக்கொள்ளம்மா. கிரீம் சீஸ் 8 அவுன்ஸ் என்றால் எடை, 227 கிராம். பால் 8 அவுன்ஸ் என்றால் கொள்ளளவு, 237 மில்லி. அப்புறம், பைண்ட் என்று வந்தால் யாருடைய ரெசிப்பி என்று முதலில் கேள்: அமெரிக்கப் பைண்ட் 473 மில்லி, வெள்ளைக்காரன் காலத்தில் நாங்கள் பழகிய பிரிட்டிஷ் பைண்ட் 568. கேலனும் அப்படித்தான், 3.785 லிட்டரும் 4.546 லிட்டரும். ஆஸ்திரேலிய மேசைக்கரண்டி 20 மில்லி, நம்முடையது 15. பேக்கிங் பவுடரில் இது தப்பினால் கேக் போச்சு.

ஆயர் ஈத்தாம் வீடு:
அள்ளித்தான் போட்டேன்! இப்போது அதேபோல மூன்று கப் அள்ளித் தராசில் வைத்தேன், 450 கிராம் காட்டுகிறது. நாளைக்கு 370 வைத்துச் செய்கிறேன். பாட்டி, பாலையும் 237க்கே ஊற்றுகிறேன்.