சிமென்ட் குளத்தில் டப்பில் வளரும் அல்லிக்கு எந்த உரம், எப்படி இடுவது?

காவிரிக்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டின் பின்புறத் தோட்டத்தில், ஆறடி நீளமும் நான்கடி அகலமும் கொண்ட சிமென்ட் குளம் ஒன்று உள்ளது. ஒன்றரை அடி உயரத்துக்கு ஆழ்துளைக் கிணற்று நீர் நிற்கிறது. ஏறத்தாழ ஆயிரம் லிட்டர் இருக்கும். அதில் மூன்று பிளாஸ்டிக் டப்களில் களிமண் நிரப்பி, செவ்வல்லி, நீல அல்லி, நாற்றுப்பண்ணையில் வாங்கிய மஞ்சள் கலப்பினம் ஆகியவற்றை நட்டிருக்கிறோம். முதல் ஆண்டு நன்றாகப் பூத்தன. இந்தக் கோடையில் புதிய இலைகள் உள்ளங்கை அளவுக்குச் சிறுத்துவிட்டன. பழைய இலைகள் சீக்கிரமே மஞ்சளாகி அழுகுகின்றன. மொட்டு எப்போதாவது ஒன்றுதான் வருகிறது. மஞ்சள் அல்லியின் இலைகள் மட்டும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நீர்மட்டத்துக்கு மேலே எழுந்து நிற்கின்றன. காலை எட்டு மணி முதல் பிற்பகல் மூன்று மணி வரை நல்ல வெயில் படும் இடம்தான்.

உரக்கடையில் கேட்டபோது, ஒரு கைப்பிடி டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரத்தை நீரில் தூவிவிடச் சொன்னார்கள். குளத்தில் கப்பி மீன்கள் இருப்பதால் தயக்கமாக உள்ளது. தூவலாமா? அல்லது சாணம் போன்ற இயற்கை உரமே போதுமா? எத்தனை நாளைக்கு ஒருமுறை இட வேண்டும் என்பதையும் அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

வண்டல் (பதில்):

வணக்கம். முதலில், தயவுசெய்து நீரில் தூவ வேண்டாம். கணக்குப் போட்டுப் பார்த்தாலே காரணம் விளங்கும். ஒரு கைப்பிடி டிஏபி 50 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 18 விழுக்காடு தழைச்சத்து (நைட்ரஜன்). அதாவது 9 கிராம். அது முழுவதும் அம்மோனியம் வடிவில் உள்ளது. ஆயிரம் லிட்டரில் அது கரைந்தால் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆகிறது. நீரின் கார அமில நிலை (pH) 7 ஆக இருந்தால் அதில் மிகச் சிறு பங்குதான் நச்சுத்தன்மை கொண்ட அம்மோனியாவாக மாறும். ஆனால் சிமென்ட் குளத்திலும், பாசி படிந்த நீரிலும் பிற்பகலில் அந்த அளவு 8.5ஐ எளிதில் தாண்டிவிடும். 30 டிகிரி வெப்பத்தில் அந்த நிலையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அம்மோனியாவாகிவிடும். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அம்மோனியாவே பெரும்பாலான மீன்களுக்கு ஆபத்தானது. இங்கே அதையும் தாண்டுகிறது.

மணிச்சத்தின் (பாஸ்பரஸ்) கதை இன்னும் மோசம். அதே 50 கிராமில் 10 கிராம் அளவுக்குப் பாஸ்பரஸ் இருக்கிறது. லிட்டருக்கு 10 மில்லிகிராம். குளம் பச்சையாக மாறுவதற்கு அதில் நூறில் ஒரு பங்கே போதும். உங்கள் அல்லிக்குச் சேர வேண்டிய உணவைப் பாசி தின்றுவிட்டு, வெயிலையும் மறைக்கும். அல்லி தனக்குரிய சத்தில் பெரும்பகுதியைச் சேற்றில் இருக்கும் வேர் வழியாகவே எடுக்கிறது என்பதால், உரம் போக வேண்டிய இடம் டப்பிலுள்ள மண். குளத்து நீர் அல்ல. இதே காரணத்தால், தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து (பொட்டாசியம்) மூன்றும் தலா 19 விழுக்காடு கொண்ட 19:19:19 போன்ற நீரில் கரையும் உரங்களும் உங்களுக்கு உதவா.

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் பசியைத்தான் காட்டுகின்றன. பழைய இலைகள் முதலில் மஞ்சளாவது தழைச்சத்துக் குறைவு. செடி பழைய இலையிலிருந்து எடுத்துப் புதிய இலைக்குக் கொடுக்கிறது. புதிய இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றிருந்தால் இரும்புச்சத்தைச் சந்தேகித்திருக்கலாம். மஞ்சள் கலப்பினத்தின் சிக்கல் வேறு: இலைகள் நீருக்கு மேலே முண்டுவது டப்பில் இடமில்லை என்பதற்கான அறிகுறி. அதற்கு எவ்வளவு உரம் இட்டாலும் பயன் குறைவு.

நெல்வயல் (பதில்):

மேலே நண்பர் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். இடும் முறையை மட்டும் விளக்குகிறேன், ஏனெனில் இது நெல் விவசாயிகளுக்கு நன்கு தெரிந்த விஷயம். நீர் தேங்கிய மண்ணில் மேற்புறத்து மெல்லிய அடுக்கில் மட்டுமே ஆக்சிஜன் உண்டு. அங்கே கிடக்கும் அம்மோனியம், நைட்ரேட்டாக மாறி, கீழிறங்கி, காற்றில்லாத மண்ணில் நைட்ரஜன் வாயுவாகிக் குமிழியாக வெளியேறிவிடுகிறது. ஆழத்தில் வைத்த அம்மோனியமோ அப்படியே களிமண்ணைப் பற்றிக்கொண்டு வேருக்காகக் காத்திருக்கும். யூரியாவைச் சேற்றுருண்டைக்குள் வைத்து நெல் வயலில் புதைக்கும் முறை இதை அடிப்படையாகக் கொண்டதுதான். கால்சியம் நைட்ரேட் போன்றவற்றை அல்லிக்கு வாங்குவது வீண் செலவு என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

நான் செய்வது இதுதான். டிஏபியில் சாம்பல் சத்து இல்லாததால், 17:17:17 காம்ப்ளக்ஸ் உரத்தை எடுத்துக்கொள்கிறேன். எலுமிச்சம்பழ அளவுக் களிமண் உருண்டையில் குழி செய்து, ஒரு தேக்கரண்டி, அதாவது சுமார் 5 கிராம் உரத்தை வைத்து மூடி, நிழலில் ஒரு நாள் உலர்த்துகிறேன். 15 லிட்டர் டப்புக்கு இரண்டு உருண்டைகள் போதும். அவற்றை டப்பின் விளிம்போரமாக நான்கு விரற்கடை ஆழத்துக்கு அழுத்திப் புதைத்து, துளையைச் சேற்றால் அடைத்துவிட வேண்டும். கிழங்கின் குருத்தருகே வைத்தால் குருத்து கருகும். இதில் மட்டும் கவனம் தேவை. மேலே ஒரு விரற்கடை அளவுக்குக் கழுவிய ஆற்றுமணலைப் பரப்பினால் மீன்கள் மண்ணைக் கிளறுவதும் குறையும்.

கோடையில் ஆறு வாரத்துக்கு ஒருமுறை வைக்கலாம். ஐப்பசி முதல் மார்கழி வரை, வானம் மூடிக் கிடக்கும் நாள்களில் செடியின் வளர்ச்சி தளர்ந்துவிடும். அப்போது நிறுத்திவிட்டு, தை கடைசியில் மீண்டும் தொடங்கலாம். உருண்டை பிடிக்கப் பொறுமை இல்லாதவர்கள், பூச்சுப் பூசிய மெதுவாகக் கரையும் குருணைகளை, 14-14-14 விகிதத்தில் வாங்கி, ஒரு மேசைக்கரண்டி அளவை மெல்லிய தாளில் பொட்டலமாகக் கட்டிப் புதைக்கலாம். உறையில் மூன்று நான்கு மாதம் என்று போட்டிருக்கும். அது 21 டிகிரி வெப்பத்துக்கான கணக்கு. திருச்சிக் கோடையில் அதற்கு முன்பே தீர்ந்துவிடும்.

மாடித்தோட்டத்து அம்மாள் (பதில்):

இயற்கை உரம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். என் மாடியில் அல்லி வளர்வது எலும்புத்தூளிலும் மண்புழு உரத்திலும்தான், பூவுக்கும் குறைவில்லை. ஆனால் இயற்கை என்ற பெயர் இருப்பதாலேயே எதையும் போட்டுவிட முடியாது. பச்சைச் சாணம் கூடவே கூடாது: காற்றில்லாத மண்ணில் அது புளித்து, அழுகிய முட்டை நாற்றமெடுக்கும் வாயுவை உண்டாக்கி வேரைக் கெடுக்கும், குளத்து நீரிலுள்ள ஆக்சிஜனையும் குறைக்கும். ஓராண்டு மக்கிய சாணத்தூளை டப்பின் அடியில் இரண்டு விரற்கடை அளவுக்குப் பரப்பி, அதன்மேல் முழுவதும் களிமண் இடுவது நல்லது. ஆனால் அதை நடும்போது மட்டுமே செய்ய முடியும். தேங்காய் நார்க்கழிவு கலந்த கலவையைத் தவிர்த்துவிடுங்கள், மிதந்து வந்து வடிகாலை அடைக்கும்.

புண்ணாக்கில் மிகவும் கவனம் வேண்டும். இலுப்பைப் புண்ணாக்கு மீன் வளர்ப்போர் குஞ்சு விடும் முன் குளத்திலுள்ள வேண்டாத மீன்களைக் கொல்வதற்கென்றே பயன்படுத்தும் பொருள். வேப்பம் புண்ணாக்கும் அளவு மீறினால் மீனுக்கு ஆகாது. கப்பி இருக்கும் குளத்தில் நான் இரண்டையும் சேர்க்க மாட்டேன்.

நெல்வயல் ஐயாவின் உருண்டைக்குள் காம்ப்ளக்ஸுக்குப் பதிலாக எலும்புத்தூளையும் மண்புழு உரத்தையும் சமமாக வைத்தும் பார்க்கலாம். பலன் தாமதமாகத் தெரியும், தழைச்சத்தும் குறைவாகத்தான் கிடைக்கும். ஆயினும் மீன் உள்ள சிறு குளத்தில் எனக்கு அதுவே நிம்மதி.

காவிரிக்கரை:

மூவருக்கும் மிக்க நன்றி. டிஏபி யோசனையைக் கைவிட்டுவிட்டேன். செவ்வல்லிக்கும் நீல அல்லிக்கும் இந்த வாரமே காம்ப்ளக்ஸ் உருண்டை வைக்கிறேன். மஞ்சள் கலப்பினத்தை இந்தக் கடும் வெயிலில் பிரித்து நடலாமா? அதற்கும் உடனே உரம் வைக்க வேண்டுமா?

வண்டல்:

பிரிக்கலாம், வெப்பம் அல்லிக்குப் பகையல்ல, வேர் காய்வதுதான் பகை. மாலையில் செய்யுங்கள், கிழங்கை ஈரச்சாக்கில் வைத்திருங்கள். மஞ்சள் கலப்பினங்களில் பல படுக்கையாக நகரும் கிழங்கு கொண்டவை. உங்களுடையதும் அப்படியென்றால், குருத்துள்ள நுனியிலிருந்து ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி, பழைய பகுதியையும் கறுத்த வேரையும் நீக்கிவிட்டு, அகலமான டப்பின் ஒரு விளிம்பில் குருத்து நடுவை நோக்கியிருக்குமாறு நடுங்கள். அது நகர்ந்து வளர எதிர்ப்பக்கம் இடமிருக்கும். நேராக நிற்கும் கிழங்காக இருந்தால் நடுவில் நடலாம். இரண்டிலும் குருத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும்.

உரத்துக்கு அவசரம் இல்லை. வெட்டுக்காயம் ஆறி, இரண்டு மூன்று புதிய இலைகள் நீர்மட்டத்தை அடைந்த பிறகு முதல் உருண்டையை வையுங்கள். அதுவரை டப்பைச் செங்கல் மேல் ஏற்றி, குருத்துக்கு மேலே அரையடி நீர் இருக்குமாறு வைத்து, இலை நீள நீளச் செங்கல்லை ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம்.