சைட்டோகைனுக்கு எந்தச் சொல்லு? ‘அழற்சிப்புரதம்’ ஏன் வேணாம்னா…

நண்பர்களுக்கு வணக்கம்,

செல்லுங்க ஒன்னுக்கொன்னு சேதி சொல்ல வெளிய விடற புரதம்தான் சைட்டோகைன். இந்த இழைல அதுக்குத் தமிழ்ல இதுவரைக்கும் வந்த சொல்லு மூணு: அழற்சிப்புரதம், உயிரணுவேவி, உயிரணுத்தூது. முதல் சொல்லுக்குத்தான் ஆதரவு ஜாஸ்தி, முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ்) பத்தின கட்டுரைல போட்டா படிக்கறவங்களுக்கு டக்குனு புரியும்ங்கறாங்க. புரியும், ஆனா தப்பா புரியும். அதான் கொஞ்சம் நீட்டி எழுதறேன், பொறுத்துக்கங்க.

> மூட்டு வீங்கறதே இதுனாலதானே, அப்புறம் அழற்சிப்புரதம்னு சொன்னா என்ன குத்தம்?

ஐயா, மூட்டு வீக்கத்துல இதுக்குப் பெரிய பங்கு இருக்குங்கறதுல சந்தேகமே இல்ல. மூட்டைச் சுத்தி இருக்கற சவ்வுல மேக்ரோஃபேஜ்ங்கற நோய் எதிர்ப்பு செல்லுங்க வந்து உக்காந்துக்கிட்டு டிஎன்எஃப்ங்கற சைட்டோகைனைக் கொட்டுது, அது பக்கத்து செல்லுங்களை உசுப்பிவிட்டு இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6ன்னு மத்த சைட்டோகைன் எல்லாத்தையும் வரவைக்குது, அந்தப் பட்டாளம் சேந்து எலும்பைக் கரைக்கற செல்லுங்களையும் கிளப்பிவிடுது, அதோட குருத்தெலும்பும் அரிச்சுப்போகுது. லண்டன்ல ஆராய்ச்சியாளருங்க ஃபெல்ட்மனும் மைனியும், இதுல டிஎன்எஃப் ஒன்ன மட்டும் அடைச்சாலே மத்ததும் அடங்குதுன்னு பாத்துட்டுத்தான் 1992ல முடக்குவாதக்காரங்களுக்கு டிஎன்எஃப்பை அடைக்கற இன்ஃப்ளிக்சிமாப் மருந்தைக் குடுத்துப் பாத்தாங்க. இன்னிக்கு வாதநோய் டாக்டருங்க ‘பயாலஜிக்ஸ்’னு எழுதிக் குடுக்கற ஊசிங்களுக்கு வழி போட்டது அதுதான்.

இப்ப அதே டிஎன்எஃப்போட இன்னொரு பக்கத்தைப் பாருங்க. நுரையீரல்ல டிபி கிருமி வருஷக்கணக்கா தூங்கிக்கிட்டு இருக்கும், அதைச் சுத்தி செல்லுங்க கோட்டை மாதிரி வளைச்சு நிக்கும், அந்தக் கோட்டை கலையாம இருக்கணும்னா டிஎன்எஃப் வேணும். அதை ஊசி போட்டு அடைச்சா கிருமி முழிச்சுக்கும். 2001லயே இன்ஃப்ளிக்சிமாப் போட்டவங்களுக்கு டிபி வந்த கேஸுங்க பத்தி எழுதிட்டாங்க. அதனாலதான் இந்த ஊசி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி டிபி கிருமி இருக்கான்னு பாக்கற மாண்டூ தோல் டெஸ்ட் இல்லன்னா இக்ரா ரத்த டெஸ்ட், கூடவே நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொல்றாங்க. டிபி இவ்ளோ இருக்கற நம்ம நாட்டுல, இந்தக் காவல்காரனுக்கு அழற்சிப்புரதம்னு பேர் வெச்சா நோயாளி என்ன நினைப்பாரு, கெட்ட புரதம், மொத்தமா ஒழிச்சா நல்லதுன்னுதானே?

இன்டர்லூகின்-17 கதை இதைவிட வேடிக்கை. சொரியாசிஸ்ல அதை அடைச்சா தோல் நல்லாவே ஆகுது, செக்குகினுமாப் அப்படி வேலை செய்யற மருந்துதான். சரி, குடல் அழற்சிக்கும் கேக்கும்னு நினைச்சு கிரோன் நோய்க்காரங்களுக்குக் குடுத்தாங்க, பலன் இல்லாததோட நிக்கல, சிலருக்கு இன்னும் மோசமாச்சு. குடல்ல அது சுவரைக் காக்கற வேலையும் பாக்குது போல. இன்டர்லூகின்-10 சுத்தமா எதிர்க்கட்சி, அழற்சியை அடக்கறதே அதோட வேலை, அதோட சேதியை செல்லுல வாங்கிக்கற ஏற்பி (ரிசெப்டர்) பழுதா பொறக்கற குழந்தைங்களுக்கு கைக்குழந்தையா இருக்கும்போதே குடல்ல கடுமையான அழற்சி வந்துடுது. அழற்சியை அணைக்கற புரதத்துக்கு அழற்சிப்புரதம்னு பேரா?

செய்யற வேலைய வெச்சுப் பேர் வெச்சா என்ன ஆகும்ங்கறதுக்கு ஆங்கிலத்துலயே பாடம் இருக்கு. ஒரே இன்டர்லூகின்-6ஐ ஒரு லேப் பி-செல் தூண்டும் காரணின்னுச்சு, இன்னொன்னு கல்லீரலைத் தூண்டும் காரணின்னுச்சு, வேற ஒன்னு இன்டர்ஃபெரான் வகைன்னுச்சு, 1986ல ஜப்பான்ல ஹிரானோவும் கிஷிமோட்டோவும் ஜீனைப் பிரிச்சதுக்கு அப்புறம்தான் எல்லாம் ஒரே ஆளுன்னு தெளிவாச்சு. டிஎன்எஃப்பும் அப்படியே, கட்டியை அழிக்குதுன்னு ஒரு பேரு, உடம்பை உருக்குதுன்னு ‘கக்கெக்டின்’னு ஒரு பேரு, 1985ல ரெண்டும் ஒன்னுன்னு ஆச்சு. இந்த மாதிரிக் குழப்பத்துக்கு பயந்துதான் அதுக்கெல்லாம் முன்னாடியே 1979ல விஞ்ஞானிங்க ஸ்விட்சர்லாந்துல கூடி இன்டர்லூகின்னு பொதுப்பேர் வெச்சு நம்பர் போட ஆரம்பிச்சாங்க. அவங்க கழிச்சுக்கட்டின வேலைய நாம எதுக்கு இப்ப தமிழ்ல புதுசா ஆரம்பிக்கணும்?

உயிரணுவேவி பத்தி. மூலச்சொல்லுல ‘கைன்’ங்கறது அசைவு, இயக்கம், அந்த வகைல ஏவிங்கறது நெருக்கம்தான், ஒத்துக்கறேன். ஆனா சுருக்கி அணுவேவின்னு யாராச்சும் எழுதினா ஏவுகணை ஞாபகம் வரும், ஏவல்னு எழுதினா பில்லி சூனியம் ஞாபகம் வரும், ரெண்டும் ஆஸ்பத்திரிக்கு ஆகாது :-)

என் ஓட்டு உயிரணுத்தூதுக்கு. ஒரு செல்லு இன்னொரு செல்லுக்கு சேதி அனுப்புது, அவ்ளோதான், சேதி நல்லதா கெட்டதான்னு பேர் தீர்ப்பு சொல்லல. தூது ஆர்என்ஏவோட (mRNA) குழம்பும்னு ஒருத்தர் எழுதியிருந்தாரு, அது செல்லுக்கு உள்ள ஓடறது, இது செல்லுக்கு வெளிய போறது, முன்னொட்டு இருக்கறதால குழம்பாது. ஹார்மோனுக்கு ஏற்கெனவே இயக்குநீர் இருக்கு, அதனால அந்தச் சண்டையும் இல்ல.

குடும்பச் சொல்லுங்களும் சுலபமா வரும். அழற்சியைக் கிளப்பறது அழற்சிமூட்டும் தூது, அடக்கறது அழற்சிதணிக்கும் தூது. செல்லுங்களைத் தன்கிட்ட இழுக்கற கீமோகைனுக்கு ஈர்தூது, இது எனக்கே ரொம்பப் பிடிச்சிருக்கு. கொரோனா நேரத்துல பத்திரிகைல வந்த ‘சைட்டோகைன் புயல்’ ஜனங்க வாயில ஏறிடுச்சு, அதை அப்படியே விட்டுடலாம், தூதுப்புயல்னு மாத்தினா யாருக்கும் புரியாது. இன்டர்லூகினை மொழிபெயர்க்கவே வேணாம், நம்பரோட இன்டர்லூகின்-6ன்னே இருக்கட்டும். ‘லூகின்’ங்கறதுக்காக வெள்ளணுன்னு ஏதாச்சும் போட்டு ஒட்டினா, ரத்தக்குழாய் சுவர் செல்லும் தசையும்கூட அதைச் சுரக்குதே, அப்ப என்ன பண்றது?

ஒன்னு மட்டும் யாழ்ப்பாணத்து நண்பர்கள்கிட்ட கேக்கணும். உங்க பாடப்புத்தகத்துல செல்லு கலம், ரிசெப்டர் வாங்கி. அங்க இதைக் கலத்தூதுன்னு எழுதினா உறுத்தலா இருக்குமா? இங்க கலம்னா கப்பலும் விண்கலமும்தான் நினைப்புக்கு வரும், அதனால ரெண்டு வடிவத்தையும் அகராதில பக்கத்துப் பக்கத்துல போட்டுடலாமான்னு சொல்லுங்க. ஏற்பியா வாங்கியாங்கறதுக்கு தனி இழை போடலாம், இதுலயே ஆரம்பிச்சா முடியாது.