கார் ஏசி குளிரவில்லையா? கேஸ் போடும் முன் இதையெல்லாம் பாருங்கள்

வெளிநாட்டுக்குப் புதிதாகக் குடிவந்து, குடும்பத்துக்கென்று பழைய கார் ஒன்றை வாங்கிய பலரும் முதல் கோடையில் இதைத்தான் கேட்கிறார்கள்: "ஏசி ஓடுது, ஆனா குளிரே இல்லை. கேஸ் போட்டா சரியாகிடுமா?" கேஸ் என்று இங்கே சொல்வது ஏசிக்குள் சுற்றிக் குளிரைத் தரும் வாயுவை. அதைப் போட்டால் சில நேரம் சரியாகும். பல நேரம் கோளாறு வேறு எங்கோ இருக்கும், கொடுத்த பணம் வீணாகிவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது.

நாங்கள் முதலில் வாங்கிய காரில், வண்டி ஓடும்போது ஜில்லென்று இருக்கும். சிக்னலில் இரண்டு நிமிடம் நின்றால் வெதுவெதுப்பான காற்று வரும். பின் சீட்டில் குழந்தை வியர்த்துக் கொட்டி அழ ஆரம்பித்துவிடும். ஒரு ஒர்க்‌ஷாப்பில் கேஸ் நிரப்பித் தந்தார்கள். ஒரு மாற்றமும் இல்லை. அப்புறம் இன்னொரு மெக்கானிக் பானெட்டைத் திறந்து வைத்து, ஏசியைப் போடச் சொல்லி, ரேடியேட்டர் பக்கம் கை காட்டினார். ஃபேன் சுற்றவே இல்லை. ஃபேனுக்கு மின்சாரம் விடும் சின்ன சுவிட்ச், ரிலே என்பார்கள், அது போயிருந்தது, அவ்வளவுதான்.

இது ஏன் என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. காருக்குள்ளிருந்து எடுத்த சூட்டை, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சர் வழியாகத்தான் ஏசி வெளியே தள்ளுகிறது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே அந்த வேலையைச் செய்துவிடும். நிற்கும்போது ஃபேன்தான் செய்ய வேண்டும். ஆகவே ஓடும்போது குளிர், நின்றால் சூடு என்றால் முதல் சந்தேகம் ஃபேன் மேல் வர வேண்டும். அடுத்தது, கண்டென்சரில் இலை, பூச்சி, மண் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜின் ஆறிய பிறகு, வேகம் குறைந்த தண்ணீரால் கழுவலாம். பிரஷர் வாஷரைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

சோதிக்கும்போது ஒரு எச்சரிக்கை. மூடிய கராஜுக்குள் இன்ஜினை ஓட விடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. வண்டியை வெட்டவெளிக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஃபேன் எந்த நேரமும் திடீரென்று சுற்றத் தொடங்கும். விரல், தலைமுடி, துப்பட்டா எதுவும் அருகில் போகக் கூடாது.

இனி மற்ற அறிகுறிகள். காற்றே வரவில்லை என்றால் கேஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. காருக்குள் காற்றை ஊதும் ப்ளோயர் மோட்டார் அல்லது அதன் ஃப்யூஸைப் பாருங்கள். கடைசி வேகத்தில் மட்டும் காற்று வந்து மற்ற வேகங்களில் வரவில்லை என்றால், அநேகமாக அதன் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும் ப்ளோயர் ரெசிஸ்டர் போயிருக்கும். பல கார்களில் இது சின்ன வேலை. காற்று பலவீனமாக வந்தால், உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் டேஷ்போர்டில் சாமான் வைக்கும் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். பழைய கார் வாங்கியவர்கள் சந்தேகமே இல்லாமல் முதல் வாரமே மாற்றிவிடுங்கள். முந்தைய உரிமையாளர் கடைசியாக எப்போது மாற்றினார் என்று யாருக்குத் தெரியும்?

காற்று நன்றாக வருகிறது, ஆனால் சூடாக இருக்கிறது என்றால், கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸரைக் கவனியுங்கள். அதை இன்ஜினோடு சேர்த்து விடும் க்ளட்ச் (கியர் மாற்றும் க்ளட்ச் அல்ல) உள்ள வகை என்றால், ஏசி பட்டனை அழுத்தியதும் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும், முன்தட்டு சுற்றத் தொடங்கும். சில நொடிக்கு ஒருமுறை பிடித்து விட்டுப் பிடித்து விட்டு ஓடினால் கேஸ் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். புதிய கார்கள் பலவற்றின் கம்ப்ரஸரில் இந்த க்ளட்ச்சே கிடையாது. அதனால் சத்தம் வரவில்லை என்பதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள்.

ஒரு பக்கம் குளிர், மறுபக்கம் சூடு என்றால் டேஷ்போர்டுக்குள் காற்றைத் திருப்பும் கதவின் சின்ன மோட்டார் காரணமாக இருக்கலாம். 'டிக் டிக்' சத்தமும் சேர்ந்து வந்தால் ஏறக்குறைய அதுதான். சில வண்டிகளில் கேஸ் குறைந்தாலும் இப்படி ஆகும். வண்டிக்கு அடியில் தெளிந்த நீர் சொட்டினால் பயப்பட வேண்டாம், அது காற்றின் ஈரம் வடிவது. அது வெளியே வடியாமல் காலடி விரிப்பு ஈரமானால் வடிகுழாய் அடைத்திருக்கிறது. முடைநாற்றமும் பெரும்பாலும் அந்த ஈரத்தால்தான். ஆனால் கண்ணாடியில் பிசுபிசுப்பும் இனிப்பான வாசனையும் வந்தால் அது ஏசி விஷயமே இல்லை, ஹீட்டரில் கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், கசிகிறது. தள்ளிப்போடாதீர்கள்.

சரி, கேஸுக்கு வருவோம். அது பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. பல ஆண்டுகளில் கொஞ்சம் குறையலாம். ஒரே கோடையில் தீர்ந்தால் கசிவு இருக்கிறது என்றுதான் அர்த்தம். கேஸில் வகைகள் உண்டு: பழைய கார்களில் ஆர்-134ஏ, புதியவற்றில் பெரும்பாலும் ஆர்-1234ஒய்எஃப். ஒன்றின் இடத்தில் மற்றதைப் போடக் கூடாது. எந்த வகை, எத்தனை கிராம் என்று பானெட்டுக்கு அடியில் ஒரு ஸ்டிக்கரில் இருக்கும். கடையில் கேன் கிடைத்தாலும் நானே நிரப்பமாட்டேன், உங்களுக்கும் அதைச் சொல்லமாட்டேன். அளவு கூடினாலும் குளிர் குறையும், கம்ப்ரஸர் கெடும். திரவமாகத் தோலில் பட்டால் உறைந்து புண்ணாகும். ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் உரிமம் இல்லாதவர் இதைக் கையாளவே கூடாது. நீங்கள் இருக்கும் நாட்டின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஹைப்ரிட், மின்சாரக் கார் என்றால் ஆரஞ்சு நிற வயர்கள் போகும் இடத்தில் கையே வைக்க வேண்டாம். அவற்றில் பலவற்றில் கம்ப்ரஸர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுகிறது.

குளிர் நாடுகளுக்கு வந்தவர்கள் மாதக்கணக்கில் ஏசியைத் தொடுவதில்லை. மாதம் ஓரிரு முறை பத்து நிமிடமாவது போடுங்கள். கேஸோடு சேர்ந்து ஓடும் எண்ணெய்தான் உள்ளே கசியாமல் அடைக்கும் சீல்கள் காய்ந்துபோகாமல் காக்கிறது. மழை நாளில் கண்ணாடி மங்கினாலும் ஹீட்டரோடு ஏசியைச் சேர்த்துப் போடுங்கள். ஈரத்தை அதுதான் இழுக்கும்.

மெக்கானிக்கிடம் போகும்போது "ஏசி வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். புது ஊர், புது உச்சரிப்பு, பேச்சில் பாதி நழுவிவிடும். எப்போது குளிர்கிறது, எப்போது இல்லை, ஃபேன் சுற்றுகிறதா, எந்தப் பக்கம் சூடு என்று நான்கு வரி எழுதிக் கொடுங்கள். கேஸ் போடத்தான் வேண்டும் என்றால், முதலில் உள்ளே இருந்ததை மெஷினில் இழுத்தபோது எத்தனை கிராம் வந்தது என்று கேளுங்கள். ஸ்டிக்கரில் 500 என்று இருந்து, 480 வந்திருந்தால் கோளாறு கேஸில் இல்லை. 200 வந்திருந்தால், கசிவு எங்கே என்று கண்டுபிடித்து அடைத்த பிறகுதான் நிரப்பச் சொல்ல வேண்டும்.