ஸ்லாவிய 'ஹ்லெப்' (ரொட்டி): ஜெர்மானியக் கடனா, பொது மூலமா?

கேள்வி
ரஷ்யனில் ரொட்டிக்கு ஹ்லெப். கோதிக்கில் (அழிந்துபோன பழைய ஜெர்மானிய மொழி) ஹ்லைஃப்ஸ், ஆங்கிலத்தில் லோஃப். எல்லாமே இந்தோ-ஐரோப்பிய மொழிகள்தானே, ஒரே மூலத்திலிருந்து தனித்தனியாக வந்திருக்கக் கூடாதா? லிதுவேனியனில் க்லியேபஸ் என்று 'க்' இருக்கிறது, அதுதான் பழைய வடிவம் போலத் தெரிகிறது. இன்னொன்று, கோதிக்கின் ஃப் ஸ்லாவியத்தில் ப் (பஸ்ஸில் வரும் ப) ஆனது எப்படி?

பதில் – வேர்ச்சொல் (பயனர்)
கடன்தான் என்பதை முதல் மெய்யே காட்டிக்கொடுத்துவிடும். ஜெர்மானிய ஹ், கிரிம் விதிப்படி (ஜெர்மானிய மொழிகளில் மட்டும் நடந்த மெய்மாற்றம்) பழைய க்-இலிருந்து வந்தது. ஸ்லாவியத்தில் அந்த மாற்றம் கிடையாது. 'யார்' கோதிக்கில் ஹ்வஸ், ரஷ்யனில் க்தோ. 'நூறு' கோதிக்கில் ஹுந்த், ரஷ்யனில் ஸ்தோ (இங்கே மூலம் அண்ணச் சாயல் கொண்ட க், அது ஸ்லாவியத்தில் ஸ் ஆகும்). ஆக பொது மூலமென்றால் *க்லேபு அல்லது *ஸ்லேபு வந்திருக்க வேண்டும் (* என்றால் ஊகித்து மீட்ட வடிவம்). ஜெர்மானிய மாற்றம் முடிந்த பிறகு வாங்கியிருந்தால்தான் *ஹ்லேபு வரும். நடு உயிர் ஐ ஏ-ஆனது ஸ்லாவியத்தின் வழக்கமான மாற்றம்தான். அதாவது, அந்த மாற்றத்துக்கு முன்பே சொல் உள்ளே வந்துவிட்டது.

பதில் – உரசொலி (பயனர்)
சரி, ஆனால் சொல்முதல் ஹ் இருந்தாலே கடன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்லாவியத்தில் இ, உ, ர், க் ஆகியவற்றுக்குப் பின் ஸ் ஹ்-ஆகும். ஹொதீதி (நடத்தல்) சொந்தச் சொல்தான். பிரி-, உ- போன்ற முன்னொட்டுகளுக்குப் பின் பிறந்த ஹ், பிறகு தனி வினைக்கும் பரவியது என்பதுதான் பொதுவான விளக்கம். ஹ்லெப் விஷயத்தில் ஜெர்மானியப் பக்கம் ஒலியும் பொருளும் ஒருசேரப் பொருந்துகின்றன. அதுதான் பலம்.

ஃப்/ப் குழப்பம் அகராதியின் தலைச்சொல்லை மட்டும் பார்ப்பதால் வருவது. கோதிக்கில் இந்தச் சொல்லுக்குச் சொல்லிறுதியிலும் ஸ்-க்கு முன்னும்தான் ஃப். ஆறாம் வேற்றுமை ஹ்லைபிஸ். பழைய உயர் ஜெர்மனிலும் ப்தான். எனவே இந்த ப்-ஐ மட்டும் வைத்து 'கோதிக்கிலிருந்துதான்' என்று அடித்துச் சொல்ல முடியாது.

பதில் – வேர்ச்சொல்
லிதுவேனிய க் ஒரு பொறி. பால்டிக்கில் (லிதுவேனியன், லாட்வியன் அடங்கிய கிளை) ஹ் இல்லை, கடன் வாங்கும்போது க் போட்டுக்கொண்டார்கள். லாட்வியனிலும் க்லைப்ஸ். சொந்தச் சொல்லாக இருந்தால் கடைசி மெய் 'பஸ்' ப-வாக இருக்கும். இருப்பதோ 'படம்' ப. ஜெர்மானிய ஃப்-க்கு அவர்களிடம் இருந்த மாற்று அதுதான். பழைய ஃபின்னிஷ் சொல்முதல் மெய்ம்மயக்கத்தையே ஏற்காது, அதனால் ஹ்-ஐ விட்டுவிட்டு லெய்பா என்றது (ஜெர்மானிய ஸ்ட்ராண்ட் (கரை) அங்கே ரன்டா ஆனதைப்போல).