ஸ்வொப் என்ற சொல் எங்கிருந்து வந்தது?

கேள்வி (போன் கடைக்காரன், கல்முனை)
பழைய போனைத் தந்து, மேலே கொஞ்சம் காசு போட்டு வேறு போன் எடுப்பதை என் கடைக்கு வருகிறவர்கள் "ஸ்வொப்" என்றுதான் சொல்கிறார்கள். 2021இல் பங்களாதேஷ் நமக்கு 20 கோடி டொலர் தந்தபோதும் செய்தியில் அதே சொல். கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டால் அங்கேயும் ஸ்வொப்புக்கு இடம் ஒதுக்கச் சொல்கிறது. உயர்தரம் படிக்கிற மகள், "எக்ஸ்சேஞ்ச் என்று சொன்னால் என்ன வாப்பா?" என்கிறாள். எல்லாம் ஒன்றா?

பதில் (இளைப்பாறிய ஆங்கில ஆசிரியர், கொக்கட்டிச்சோலை)
தம்பி, அந்தச் சொல்லுக்கு முதல் பொருள் அடி. சப்பென்று விழுகிற அடி. அந்த ஓசையிலிருந்தே பிறந்திருக்கும் என்பார்கள். பேரம் படிந்ததும் கையோடு கை அடித்துக்கொள்வது வழக்கம். அதனால் பேரத்துக்கும் அதுவே பெயராகி, 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் மாற்றிக்கொள்வதையே குறிக்கத் தொடங்கியது. கவெய்ன் என்ற வீரனைப் பற்றிய 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிதையில், "வேட்டையில் எனக்குக் கிடைப்பது உனக்கு, வீட்டில் உனக்குக் கிடைப்பது எனக்கு" என்று பிரபு விருந்தாளியோடு ஒப்பந்தம் பேசுகிற இடத்தில் இந்தச் சொல் வருகிறது.

என் சின்ன வயதில் வாவிக்கு அந்தப் பக்கம், எழுவான்கரையிலிருந்து தோணியில் கருவாடு வரும். எங்கள் வயல் வட்டையில், களத்தடியிலேயே மரைக்காலால் நெல் அளந்து கொடுத்து வாங்குவோம். அது பாட்டர், பண்டமாற்று. அந்த ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சில் ஏமாற்றுவதைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. அம்மா மரைக்கால் வாயைக் கையால் வழித்துவிடுவதையும், கருவாட்டுக்காரர் இன்னும் ஒரு பிடி கேட்டு நிற்பதையும் பார்த்தவனுக்கு அந்தப் பொருளில் குறை சொல்ல வராது.

ஸ்வொப் என்றால் பெரும்பாலும் ஆளுக்காள், ஏறக்குறைய சரிக்குச் சரி: பஸ்ஸில் சீட் மாறி உட்காருவது போல. அளவு சரியில்லாத சட்டையைக் கடையில் கொடுத்து மாற்றினால் எக்ஸ்சேஞ்ச். உங்கள் கடையில் நடப்பதை ஆங்கிலேயர் டிரேட்-இன் என்பார்கள். ஆனால் கல்முனையில் அப்படிச் சொன்னால் யாருக்கு விளங்கப்போகிறது!

பதில் (வங்கியில் வேலை, மட்டக்களப்பு)
காக்கா, பங்களாதேஷ் விஷயம் கிட்டத்தட்டக் கடன்தான். டொலருக்கு ஈடாக நாம் ரூபாய் வைத்தோம். தவணை வந்ததும் வட்டியோடு திருப்பி மாற்ற வேண்டும். 2022 நெருக்கடியில் தவணை தள்ளிப்போய் 2023இல்தான் கட்டி முடிந்தது. லினக்ஸிலும் மெமரி போதாதபோது, பாவிக்காமல் கிடப்பதை டிஸ்குக்கு அனுப்பி, தேவைப்பட்டால் திரும்ப எடுக்கும். போன் மட்டும் ஒருவழிப் பயணம்.

போன் கடைக்காரன்
நன்றி சேர். புது போர்டு எழுதப் போகிறேன். டபிள்யூவுக்குப் பிறகு ஏயா, ஓவா?

ஆசிரியர்
இரண்டும் சரி. ஓ பிரித்தானியர் பக்கம் காண்பது. ஏ போடுங்கள். மேலே எவ்வளவு காசு என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள், வாசலில் பேரம் குறையும்.